மேல்மாடியில் சிக்னல், பின்னறையில் பிள்ளை: எந்த ரவுட்டர் வாங்கலாம்?

கொழுந்துக்கூடை | டிக்கோயா | சனி, காலை 9:12

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு வை-ஃபை பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டும். காசைக் கொடுப்பதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் வீடு டிக்கோயாவில் பாதைக்கு மேல்பக்கம், மலையை வெட்டி எடுத்த இடத்தில் இருக்கிறது. முன்பக்கம் இரண்டு மாடி, பள்ளத்தாக்கைப் பார்த்திருக்கும். பின்னறைகளுக்குப் பின்னால் மண் சரியாமல் கட்டிய கருங்கல் சுவர். நடுச்சுவரும் பழைய கருங்கல்தான், ஒன்றரை அடி கனம். ஃபைபர் எங்கள் பாதைக்கு இன்னும் வரவில்லை. சிம் போடும் 4ஜி ரவுட்டர் வைத்திருக்கிறோம். மேல்மாடி முன் ஜன்னலில் வைத்தால் நன்றாக ஓடுகிறது. ஆனால் மகள் படிப்பது கீழே பின்னறையில். அங்கே ஒரு கோடு சிக்னல், சில நேரம் அதுவும் கிடையாது. அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள். இரவு 7 மணி வகுப்பில் ஆசிரியர் குரல் அறுந்து அறுந்து வருகிறது என்று மாடிப்படியில் போய் உட்கார்ந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு, மடியில் கொப்பியை வைத்து எழுதுகிறாள். பார்க்கப் பொறுக்கவில்லை.

இன்னொன்று. அம்மாவும் அப்பாவும் பாதைக்குக் கீழே பணிய லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிறார்கள். எங்கள் முன் ஜன்னலில் நின்றால் அவர்களுடைய இஸ்தோப்பு, அதாவது முன் திண்ணை, தெரியும். நேராகப் பார்த்தால் 45 மீட்டர் இருக்கும். தம்பி கத்தாரில். அவனோடு வீடியோவில் பேச அம்மா முழங்கால் வலியோடு மேடேறி வருகிறார். அங்கேயும் இணைப்பு எட்டினால் பெரிய உதவி.

போன மாதம் ஒரு கடையில் சுவர் பிளக்கில் குத்தும் எக்ஸ்டெண்டர், வை-ஃபையை வாங்கித் திரும்பப் பரப்பும் பெட்டி, வாங்கினேன். வீடு முழுக்க அடிக்கும் என்றார்கள். பின்னறையில் வைத்தேன். கோடு எல்லாம் நிறைந்து காட்டுகிறது, பக்கம் மட்டும் திறக்காது. இப்போது அதே கடையில் ஆறு அன்டெனா உள்ள ரவுட்டரை ரூ. 38,000 என்கிறார்கள். வாங்கலாமா?


பசறைத்தம்பி | பசறை | சனி, காலை 9:40

அக்கா, மெஷ் செட் ஒன்று வாங்குங்கள், ஒன்றோடொன்று பேசிக்கொண்டு ஒரே வை-ஃபையைப் பரப்பும் பெட்டிகள். மூன்று பெட்டி வரும், மாடியில் ஒன்று, படியில் ஒன்று, பின்னறையில் ஒன்று. ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் அதுவே மாறிக்கொள்ளும். வை-ஃபை 5ஐ விடப் புதிய தலைமுறையான வை-ஃபை 6 ஆகப் பார்த்து வாங்குங்கள், பல வருடம் தாங்கும். என் நண்பன் வீட்டில் பொருத்திக் கொடுத்தேன், அருமையாக ஓடுகிறது.


மழைக்கொடி | பண்டாரவளை | சனி, பகல் 12:55

டீச்சர் என்று நினைக்கிறேன், கொப்பியைப் பற்றி எழுதிய விதத்தில் தெரிகிறது. 11 வருடமாக வீடு, கடை, பங்களா என்று நெட்வேர்க் வேலைதான் செய்கிறேன். தயவுசெய்து இன்றைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் ஒரு நாள் அளந்து பாருங்கள்.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168 என்று தொடங்கும் எண் இருக்கும். போன் பிரவுசரில் அதை அடித்து உள்ளே போங்கள். டிவைஸ் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் ஆர்.எஸ்.ஆர்.பி, எஸ்.ஐ.என்.ஆர் என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது டவரிலிருந்து வரும் பலம். மைனஸில் வரும்; மைனஸ் 80 நல்லது, மைனஸ் 100 பரவாயில்லை, மைனஸ் 115 என்றால் மூச்சு வாங்குகிறது. இரண்டாவது சத்தத்துக்கு நடுவே சிக்னல் எவ்வளவு தெளிவு என்பது. 20க்கு மேல் மிக நல்லது, 5க்குக் கீழ் வேலைக்கு ஆகாது. கோடுகளை நம்பாதீர்கள், இந்த இரண்டு எண்தான் உண்மை சொல்லும்.

இதை மூன்று இடத்தில் எடுங்கள்: மேல் ஜன்னல், படி, பின்னறை. ரவுட்டரையே தூக்கிக்கொண்டு போய் வைத்து, இரண்டு நிமிடம் விட்டு எடுங்கள். அப்புறம் ஜன்னலில் வைத்து, பக்கத்தில் நின்று, விடிகாலை 5 மணிக்கும் இரவு 8 மணிக்கும் வேகம் பாருங்கள். விடியலில் ஓடி இரவில் படுத்தால் அது டவரில் கூட்டம். அதற்கு எந்த ரவுட்டரும் மருந்தில்லை.


ஹப்புத்தளைக்காற்று | ஹப்புத்தளை | சனி, பிற்பகல் 2:20

மூடுபனி இறங்கும் நேரம் எங்கள் வீட்டில் நெட் படுத்துவிடும். பனியும் ஒரு காரணம்தானே? அதையும் கணக்கில் எடுங்கள்.


மழைக்கொடி | பண்டாரவளை | சனி, மாலை 6:05

நிறையப் பேர் கேட்கும் கேள்வி இது. 4ஜி, வை-ஃபை ஓடும் அலைவரிசைகளில் மூடுபனி தடுப்பது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். நம் பக்கம் பனி இறங்குவது பின்னேரம். அதே நேரம்தான் வேலைக்குப் போனவர்களும் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் வீடு வந்து, எல்லோரும் ஒரே டவரில் ஏறுகிறார்கள். அதனால் பழி பனிமேல் விழுகிறது. ஈரமான இலை வேறு விஷயம். ஜன்னலுக்கும் டவருக்கும் நடுவே அடர்ந்த மரம் இருந்து, மழையில் நனைந்து நின்றால் சிக்னல் இறங்கும். மரத்தைப் பாருங்கள், பனியை விடுங்கள்.


கொழுந்துக்கூடை | டிக்கோயா | ஞாயிறு, இரவு 8:48

மழைக்கொடி அண்ணா, சொன்னபடி எடுத்தேன். மகள்தான் கொப்பியில் கோடு போட்டு எழுதினாள்.

மேல் ஜன்னல்: மைனஸ் 92, தெளிவு 14. வேகம் விடியல் 5 மணிக்கு 38 எம்பிபிஎஸ், இரவு 8 மணிக்கு 11.
படி: மைனஸ் 106, தெளிவு 5.
பின்னறை: மைனஸ் 117, தெளிவு மைனஸ் 2. வேகம் 1.8.

ரவுட்டரைத் திரும்ப ஜன்னலில் வைத்துவிட்டுப் பின்னறையில் வை-ஃபை பார்த்தால், ரவுட்டர் அனுப்பும் இரண்டு அலைவரிசையில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரே தெரியவில்லை. 2.4இல் ஒரு கோடு.


மழைக்கொடி | பண்டாரவளை | ஞாயிறு, இரவு 9:30

உங்கள் மகளுக்கு என் பாராட்டு. இந்த ஐந்து வரியில் விடை இருக்கிறது.

உங்கள் பெட்டி இரண்டு வேலை பார்க்கிறது. டவரிடமிருந்து இணையத்தை வாங்குவது ஒன்று, வீட்டுக்குள் வை-ஃபையாகப் பரப்புவது மற்றொன்று. முதல் வேலைக்கு அது மேல் ஜன்னலில் இருக்க வேண்டும். இரண்டாவது வேலைக்குப் பின்னறையில் இருக்க வேண்டும். கொழும்பில் தட்டையான நிலத்தில், செங்கல் வீட்டில், இரண்டு வேலைக்கும் ஒரே இடம் பொருந்திவிடும். நம் மலைநாட்டு வீடுகளில் சிக்னல் வரும் இடம் ஒன்று, ஆள் இருக்கும் இடம் இன்னொன்று. நடுவே கருங்கல். ஆறு அன்டெனா இல்லை, பன்னிரண்டு வைத்தாலும் அந்தச் சுவர் அதே சுவர்தான். அதோடு வை-ஃபை என்பது இரண்டு பக்கப் பேச்சு. ரவுட்டர் உரக்கக் கத்தினாலும் மகளின் போன் மெல்லிய குரலில்தான் பதில் சொல்லும். அந்தக் குரல் சுவரைத் தாண்டி மேலே போய்ச் சேர வேண்டும். கடைக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை.

எக்ஸ்டெண்டர் ஏன் தோற்றது என்பதும் இதுதான். அதைச் சிக்னல் செத்த இடத்தில் வைத்தீர்கள். அதற்கே கேட்காததை அது எப்படித் திரும்பச் சொல்லும்? நீங்கள் பார்த்த நிறைந்த கோடு, உங்கள் போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவே உள்ள பலம். எக்ஸ்டெண்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே என்ன நிலை என்று அது காட்டாது.

ஆகவே இந்த இரண்டு வேலையையும் இரண்டு பெட்டிக்குப் பிரித்துக் கொடுங்கள். இருக்கிற 4ஜி ரவுட்டர் மேல் ஜன்னலிலேயே இருக்கட்டும். அதன் பின்பக்க லான் துளையிலிருந்து ஒரு நெட்வேர்க் வயர் இறங்கிப் பின்னறைக்கு வரட்டும். பின்னறையில் ஒரு ஆக்சஸ் பொயின்ட், வயரில் வரும் இணையத்தை வை-ஃபையாகப் பரப்பும் பெட்டி. அவ்வளவுதான். வயர் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் கொண்டுபோகும், உங்களுக்கு 20 மீட்டர் போதும்.

வயர் வாங்கும்போது கேட் 6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய வயரும் அதே நிறத்தில், பாதி விலையில் கிடைக்கும். அதன் நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் வேண்டாம். இரண்டு தரம் வளைத்தால் உடையும்.


நானுஓயாவாசி | நானுஓயா | ஞாயிறு, இரவு 10:15

மழைக்கொடி சொல்வதை நான் காசு கொடுத்துப் படித்தவன். நாங்கள் இருப்பது வெள்ளைக்காரன் காலத்து ஸ்டாஃப் குவாட்டர்ஸ். ஒவ்வொரு அறைக்கும் கணப்பு, அதன் புகைக்கூண்டு சுவரோடு சேர்ந்து மேலே போகும். மூன்று பெட்டி மெஷ் வாங்கி அறைக்கொன்றாக வைத்தேன். இரண்டாவது பெட்டி வரை வந்தது. மூன்றாவது பெட்டியில் நாள் முழுக்கச் சிவப்பு விளக்கு. கணப்புச் சுவரைத் தாண்ட அதனால் முடியவில்லை. ஒரு வருடம் கழித்து அந்த மூன்றாவது பெட்டிக்கு வயர் இழுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு பிரச்சினையும் இல்லை.

மெஷ் மோசம் என்று சொல்ல வரவில்லை, தம்பி பசறை. கல் சுவர் வீட்டில் மெஷ் பெட்டிகளும் வயரால் பேசினால்தான் சுகம். வயர் போட்ட பிறகு மெஷ்ஷுக்கும் சாதாரண ஆக்சஸ் பொயின்ட்டுக்கும் விலையில்தான் பெரிய வித்தியாசம்.


பசறைத்தம்பி | பசறை | திங்கள், காலை 7:30

சரி அண்ணா, ஒத்துக்கொள்கிறேன். நான் பொருத்திய வீடு புதுச் சிமெந்துக்கல் வீடு, நடுச்சுவர் நாலு அங்குலம். கருங்கல்லை யோசிக்கவில்லை.

அப்படியானால் பின்னறைக்கு என்ன வாங்கலாம் என்று சொல்கிறேன். ஆக்சஸ் பொயின்ட் என்று தனியாக எழுதிய பெட்டியே வேண்டும் என்பதில்லை. சாதாரண ரவுட்டர் பலவற்றில் ஆக்சஸ் பொயின்ட் மோட் இருக்கிறது. டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 மாதிரி ஒன்று போதும். 2.4, 5 இரண்டும் உண்டு, வயர் துளைகள் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ். அது வை-ஃபை 5. உங்கள் டவர் விடியலிலேயே 38தான் தருகிறது, ஆகவே வை-ஃபை 6க்கு மேலதிகமாகக் கொடுப்பது இன்றைக்கு வீண். நாளைக்கு ஃபைபர் வந்தாலும் இந்தப் பெட்டி ஈடு கொடுக்கும்.

அப்புறம் பெட்டி மேல் எழுதிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். ஏசி 1200 என்றால் 2.4இல் 300, 5இல் 867, இரண்டையும் கூட்டிப் போட்ட கணக்கு. ஒரு போனுக்கு அது முழுதாகக் கிடைக்காது. மிக மலிவான பெட்டிகளில் 300 என்று எழுதியிருக்கும், ஆனால் லான் துளை 100தான்.


இஸ்தோப்புத்தாத்தா | பொகவந்தலாவை | திங்கள், மாலை 4:10

மகள், நான் தோட்டத்து ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவன். பணிய லயத்துக்கு எப்படி இணைப்புக் கொடுப்பது என்று நீங்கள் கேட்ட கேள்வியைப் பார்த்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். 45 மீட்டர்தானே, வயரை வெளியால் கட்டி இழுத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள்.

எங்கள் வீட்டிலிருந்து மகன் வீட்டுக்கு 30 மீட்டர். இரண்டு வீட்டுக்கும் தனித்தனி மீட்டர். சவுக்கு மரம் ஒன்றில் கட்டி, நெட்வேர்க் வயரை இழுத்தோம். ஆறு மாதம் நன்றாக ஓடியது. ஓர் ஒக்டோபர் மாதம், பின்னேரம் 3 மணி இருக்கும். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. இடி எங்கள் வீட்டில் விழவில்லை, மேட்டில் எங்கோ விழுந்தது. டப் என்று ஒரு சத்தம். ரவுட்டர், மகன் வீட்டு ரவுட்டர், அவனுடைய டிவி பெட்டி மூன்றும் போய்விட்டன. வயர் குத்தியிருந்த துளையைச் சுற்றி பிளாஸ்டிக் கருகி, விரலை வைத்தால் கரி ஒட்டியது. ட்ரிப் சுவிட்ச் விழவில்லை. அது ஆளைக் காப்பாற்ற வைத்தது, இடியிலிருந்து பெட்டியைக் காப்பாற்றாது என்று மின் வேலை செய்யும் பையன் அப்புறம்தான் விளங்கப்படுத்தினான். பக்கத்தில் இடி விழுந்தாலே நீளமாகத் தொங்கும் செம்பு வயரில் மின்சாரம் தூண்டப்படும், இரண்டு வீட்டு எர்த்தும் வெவ்வேறாக இருக்கும்போது அது வயர் வழியாகத்தான் ஓடிப் போகும் என்றான். அந்த நேரம் பேரப்பிள்ளை அந்த வயர் குத்திய லாப்டொப்பைக் கையில் வைத்திருக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு படபடக்கிறது.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் பக்கம் பின்னேர இடி அதிகம். வீட்டுக்குள்ளே வயர் போடுங்கள். வீட்டிலிருந்து வீட்டுக்குச் செம்பு வேண்டாம்.


கொழுந்துக்கூடை | டிக்கோயா | திங்கள், இரவு 7:22

ஐயா, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். என் வீட்டுக்காரர் வெளியால் இழுக்கத்தான் நினைத்திருந்தார், கம்பம் நட இடமும் பார்த்துவிட்டார். நிறுத்திவிட்டோம்.

அப்படியானால் அம்மா வீட்டுக்கு என்ன வழி? லயம் முழுக்கத் தகரக் கூரை. என் ஜன்னலிலிருந்து இஸ்தோப்பு நேராகத் தெரியும், நடுவே தேயிலை மட்டும்தான், மரம் இல்லை. அலமாரியில் டிபி-லிங்க் 840 என்ற பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது.


மழைக்கொடி | பண்டாரவளை | திங்கள், இரவு 8:40

நேராகத் தெரியும் என்றால் காற்று வழியாகவே கொடுக்கலாம். அந்தப் பழைய 840 போதுமா என்று முதலில் பாருங்கள். அதில் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் மோட் இருக்கும். மோட்டை மாற்றி, உங்கள் ஜன்னல் ரவுட்டரின் 2.4 பெயரைத் தேடிப் பிடித்து, பாஸ்வேர்டைக் கொடுங்கள். அம்மா வீட்டில் அதை உள் காம்பராவுக்கு, உள்ளறைக்கு, கொண்டுபோகாதீர்கள். தகரமும் சுவரும் அலையைத் தடுத்துவிடும். இஸ்தோப்புப் பக்க ஜன்னலில், உங்கள் வீட்டைப் பார்த்தபடி, மழைச்சாரல் படாத உயரத்தில் வையுங்கள்.

எக்ஸ்டெண்டர் தோற்றதே, இது எப்படி ஓடும் என்று கேட்பீர்கள். அங்கே நடுவில் ஒன்றரை அடி கருங்கல். இங்கே நடுவில் வெறும் காற்று. 45 மீட்டர் வெளி 2.4க்கு ஒரு தூரமே இல்லை. ஒரே அலையில் வாங்கித் திருப்பிக் கொடுப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ஆனாலும் ஒரு வீடியோ கோலுக்கு 2 எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தால் போதும்.

ஜன்னல் ரவுட்டரில் 2.4 சனலை, அதாவது அந்த அலைவரிசைக்குள் ஓடும் பாதையின் எண்ணை, ஓட்டோவில் விடாமல் 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வையுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். இந்த மூன்றும்தான் ஒன்றன் மேல் ஒன்று ஏறாத சனல்கள். லயத்தில் பக்கத்து வீடுகளிலும் ரவுட்டர் இருக்குமே, அவர்கள் அதிகம் இருக்கும் சனலை விட்டு மற்றதை எடுங்கள்.

இது சரிவராவிட்டால் மட்டும் டிபி-லிங்க் சிபிஇ210 மாதிரி வெளிப்புறப் பெட்டி ஒன்று. ஒரே திசையைப் பார்த்து வேலை செய்யும். அம்மா வீட்டுக் கூரை விளிம்புக்குக் கீழே பொருத்தினால் போதும், இரண்டு வேண்டியதில்லை.


ஹப்புத்தளைக்காற்று | ஹப்புத்தளை | திங்கள், இரவு 9:25

இவ்வளவு சிரமத்துக்கு ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் எடுத்துவிட்டால் என்ன? 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கிவிட்டார்களே.


நானுஓயாவாசி | நானுஓயா | திங்கள், இரவு 9:58

டவரே எட்டாத தோட்டங்களுக்கு அது வரம்தான், மறுக்கவில்லை. இவர்களுக்கு டவர் இருக்கிறது. ஸ்டார்லிங்க் வந்தாலும் அது கூரை வரைதான் கொண்டுவரும், கருங்கல் சுவர் அப்படியே நிற்கும். திறந்த வானம் வேண்டும், ஒரு பக்கம் மலை மறைத்தால் விட்டு விட்டு அறும். கரண்டும் பாருங்கள், சாதாரண டிஷ் 75 முதல் 100 வாட் வரை இழுக்கும். 4ஜி ரவுட்டர் 6, 7 வாட்.


பசறைத்தம்பி | பசறை | செவ்வாய், காலை 6:50

கரண்ட் பேச்சு வந்ததால் சொல்கிறேன் அக்கா, மினி யுபிஎஸ், கரண்ட் போனால் ரவுட்டரை ஓட்டும் சின்னப் பற்றரிப் பெட்டி, ஒன்று வாங்கி வையுங்கள். வகுப்பு நடுவில் கரண்ட் போனால் ரவுட்டர் திரும்ப எழும்பி டவரைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பெட்டியில் 8,800 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பற்றரிக் கணக்கு. பெருக்கினால் 32 வாட் மணி, மாற்றத்தில் போவது போக 27 என்று வையுங்கள். ரவுட்டரும் ஆக்சஸ் பொயின்ட்டும் சேர்ந்து 12 வாட் என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் உங்களுக்கு ஒன்று மேல்மாடியில், மற்றது பின்னறையில், ஆக இரண்டு வேண்டும். அடப்டரில் எழுதிய வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள். 12 வோல்ட் பெட்டிக்கு 9 கொடுத்தால் வேலை செய்யாது, 9க்கு 12 கொடுத்தால் எரியக்கூடும்.

டித்வா புயல் நேரம், 2025 நவம்பர் கடைசியில், எங்கள் பக்கம் ரவுட்டருக்குக் கரண்ட் இருந்தும் டவர் பற்றரி தீர்ந்து எல்லாம் அடங்கிவிட்டது. அதனால் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றும் வீட்டில் வைத்திருக்கிறோம். சில ரவுட்டர்கள் வாங்கிய நிறுவனத்தின் சிம்மை மட்டும்தான் ஏற்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.


கொழுந்துக்கூடை | டிக்கோயா | அடுத்த சனி, இரவு 6:35

வயர் போட்டாயிற்று, ஆனால் சிக்கல். மேல் ஜன்னலிலிருந்து படிச்சுவர் ஓரமாக இறக்கி, நடுச்சுவரில் பழைய தண்ணீர்க் குழாய் போன துளை வழியாகப் பின்னறைக்குள் எடுத்தோம். 17 மீட்டர். இரண்டு நுனிக்கும் நானும் வீட்டுக்காரரும் பிளக் அடித்தோம். இரவல் வாங்கிய டெஸ்டரில் 1 முதல் 8 வரை எல்லா விளக்கும் வரிசையாக எரிகிறது. ஆனால் ஆக்சஸ் பொயின்ட்டில் இணைப்பு வந்து வந்து போகிறது. வந்தாலும் 3, 4 எம்பிபிஎஸ்தான். பெட்டியில் கோளாறா?


மழைக்கொடி | பண்டாரவளை | அடுத்த சனி, இரவு 6:50

பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து, பொன்னிறத் தகடு மேலே, வயர் உங்கள் பக்கம் வரும்படி வைத்து, இடமிருந்து வலமாக நிறத்தை எழுதுங்கள்.


கொழுந்துக்கூடை | டிக்கோயா | அடுத்த சனி, இரவு 7:04

வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளை பழுப்பு, பழுப்பு. இரண்டு பக்கமும் இப்படித்தான். ஜோடி ஜோடியாக அழகாக வைத்தோமே.


மழைக்கொடி | பண்டாரவளை | அடுத்த சனி, இரவு 7:11

அங்கேதான் இருக்கிறது. முதல் தடவை பிளக் அடிப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் வைப்பார்கள். பச்சை ஜோடி 3ஆவது, 6ஆவது இடத்துக்குப் போக வேண்டும், நீலம் நடுவே 4, 5. சரியான வரிசை:

வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு.

வயருக்குள் இரண்டிரண்டாக முறுக்கியிருப்பது காரணத்தோடுதான். 3லும் 6லும் போகும் சிக்னல் ஒரே முறுக்கில் போனால்தான் ஒன்றின் இரைச்சலை ஒன்று அழிக்கும். உங்கள் வயரில் 3 பச்சை முறுக்கில், 6 நீல முறுக்கில். டெஸ்டர் கம்பி தொடுகிறதா என்று மட்டும் பார்க்கும், முறுக்கைப் பார்க்காது. அதனால்தான் எல்லா விளக்கும் எரிந்தது. இரண்டு நுனியையும் வெட்டி மறுபடி அடியுங்கள். முறுக்கைப் பிரிப்பது அரை அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம்.


கொழுந்துக்கூடை | டிக்கோயா | அடுத்த சனி, இரவு 8:20

வந்துவிட்டது! மேல் ஜன்னலில் 11, பின்னறையிலும் 11. மகள் கதவைச் சாத்திக்கொண்டு மேசையில் உட்கார்ந்து வகுப்பு கேட்கிறாள். கதவுக்கு வெளியே நின்று ஆசிரியர் குரலை நானும் கேட்டேன், ஓரிடத்தில்கூட அறவில்லை.


நானுஓயாவாசி | நானுஓயா | அடுத்த சனி, இரவு 8:31

மனம் நிறைந்தது. ஆக்சஸ் பொயின்ட் மோட்டில் போட்டீர்களா, அல்லது ரவுட்டராகவே விட்டீர்களா? ரவுட்டராக விட்டால் இரண்டு பெட்டியும் தனித்தனியாக முகவரி கொடுக்கும், அப்புறம் பிரின்டர், டிவி ஒன்றையொன்று காணாது.


கொழுந்துக்கூடை | டிக்கோயா | அடுத்த சனி, இரவு 8:40

ஆக்சஸ் பொயின்ட் மோட்தான். பெயரும் பாஸ்வேர்டும் மேலே உள்ளது போலவே கொடுத்தேன். டபிள்யூபிஏ2 பாதுகாப்பு வைத்து, பாஸ்வேர்ட் இல்லாமல் இணைய விடும் டபிள்யூபிஎஸ்ஸை நிறுத்தி, இரண்டு பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றியாயிற்று.


கொழுந்துக்கூடை | டிக்கோயா | 15 நாட்களுக்குப் பிறகு, ஞாயிறு, காலை 10:05

அம்மா வீட்டு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், பின்னால் யாராவது இதே தேவையோடு வந்து தேடலாம்.

பழைய 840ஐ எக்ஸ்டெண்டர் மோட்டில் போட்டு முதலில் உள் காம்பராவில் வைத்தோம், அம்மாவுக்கு இஸ்தோப்பில் பெட்டி இருப்பது பிடிக்கவில்லை. 1 எம்பிபிஎஸ் கூட வரவில்லை. மழைக்கொடி அண்ணா சொன்னபடி இஸ்தோப்பு ஜன்னலின் மேல் மூலையில், எங்கள் வீட்டைப் பார்த்து வைத்ததும் 8 வந்தது. அதே பெட்டி, அதே நாள், நாலு அடி தூரம் நகர்த்தியதுதான். சனல் 11. லயத்தில் மற்ற நான்கு ரவுட்டரும் 1இலும் 6இலும் இருந்தன. சிபிஇ தேவைப்படவில்லை. கடையில் வாங்கிய எக்ஸ்டெண்டரை என்னிடம் படித்த பிள்ளை ஒருவனுக்குக் கொடுத்துவிட்டேன், அவர்கள் வீடு பலகைச் சுவர், அங்கே நன்றாக ஓடுகிறதாம்.

போன வெள்ளிக்கிழமை கொழுந்து எடுத்துவிட்டு வந்த கையோடு அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து தம்பியைக் கூப்பிட்டார். அவன் அறையில் எதை எதைச் சமைக்கிறான் என்று முக்கால் மணி நேரம் விசாரணை. நான் மேலே ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மேட்டை அவர் இனி அதற்காக ஏற வேண்டியதில்லை.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். அம்மாவின் பக்கத்துக் காம்பராவில் இரண்டு பிள்ளைகள், ஒருத்திக்கு இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. பாஸ்வேர்ட் கேட்கிறார்கள். கொடுக்க மனம் இருக்கிறது. டேட்டா மாதக் கடைசியில் தீர்ந்தால் மகளுக்கு வகுப்பு போய்விடுமே என்ற பயமும் இருக்கிறது.


இஸ்தோப்புத்தாத்தா | பொகவந்தலாவை | ஞாயிறு, பகல் 11:20

கொடுங்கள் மகள். எங்கள் லயத்தில் எட்டு வீட்டுக்கு ஒரே ரேடியோ இருந்த காலம் எனக்குத் தெரியும். செய்தி நேரம் எல்லோரும் அந்த இஸ்தோப்பில்தான்.


மழைக்கொடி | பண்டாரவளை | ஞாயிறு, பகல் 12:02

உங்கள் சொந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டாம், ஒரு கையிலிருந்து பத்துக் கைக்குப் போகும். ஜன்னல் ரவுட்டரில் கெஸ்ட் நெட்வேர்க் என்று ஒன்று இருக்கும். தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்ட். அதில் வருபவர்களால் உங்கள் வீட்டுக் கணினிகளைப் பார்க்க முடியாது. பல பெட்டிகளில் கெஸ்ட்டுக்கு நேரம் குறிக்கவும் முடியும். அந்தப் பிள்ளைக்கு வகுப்பு இருக்கும் நேரத்தைக் கேட்டு அந்த நேரம் திறந்து விடுங்கள். வகுப்பு நேரம் காமராவை மூடி வைக்கச் சொல்லுங்கள், டேட்டா நன்றாக மிஞ்சும். 840 கெஸ்ட் பெயரைத் திருப்பிக் கொடுக்காது, ஆகவே அந்தப் பிள்ளை இஸ்தோப்பில் உட்கார்ந்து உங்கள் ஜன்னலிலிருந்து நேராகப் பிடித்துப் பார்க்கட்டும்.


கொழுந்துக்கூடை | டிக்கோயா | ஞாயிறு, இரவு 8:15

பிடிக்கிறது அண்ணா, இஸ்தோப்புத் தூணுக்குப் பக்கத்தில் இரண்டு கோடு. பின்னேரம் 6 முதல் 9 வரை திறந்து விட்டிருக்கிறேன். அம்மா தன் நாற்காலியை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார்.